மண்வெட்டி முனையில் வரலாறு

தென்னங்கன்று வைக்க மூன்றடிக் குழி எடுப்பது வளவனூர்ப் பக்கத்தில் யாருக்கும் புதிய வேலையன்று. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமுமாகக் கொட்டிக்கொண்டே போகையில், இரண்டாம் அடியில் மண்வெட்டி எதிலோ மோதி ஒலிக்கும். பெரும்பாலும் அது கல்லாக இருக்கும். சில வேளைகளில் ஓட்டாஞ்சில்லாக இருக்கும். குழி எடுப்பவர் அதை எடுத்து வரப்பின்மேல் வீசிவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வார். மாலையில் அந்தச் சில்லைச் சிறுமியர் எடுத்துச் சென்று பாண்டியாட்டக் கட்டத்துக்குள் எறிந்து நொண்டுவர். ஒரு பானையின் வரலாறு அத்துடன் முடிந்துவிடும்.

அப்படி முடித்துவைத்தவர்களுள் நானும் ஒருவன். அதனால்தான் நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, கவிதையைப் பற்றி எழுதாமல் கொல்லை மண்ணைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரி விடுமுறையில், எங்கள் கொல்லையில் தென்னைக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தோம். கொட்டிய மண்ணில் மிளகளவு நீல மணி ஒன்று மின்னியது. நடுவில் நூல் கோக்கும் துளை இருந்தது. அதனோடு உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருந்த பானைச் சில்லுகள் நான்கைந்து கிடைத்தன. கிணற்றடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ஒரு பழைய பால்மாவு டப்பாவில் போட்டு வைத்தேன். பின்னர் மரக்காணம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளும், மயிலம் திருவிழாக் கடையில் வாங்கிய செல்லாக்காசுகளும், உறவினர் ஊர்களிலிருந்து கொண்டுவந்த சில்லுகளும் அதே டப்பாவில் சேர்ந்தன.

பல ஆண்டுகள் கழித்துத் தொல்லியல் அறிஞர் ஒருவரிடம் அந்த டப்பாவைப் பெருமையோடு திறந்து காட்டினேன். அவர் மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். “எந்த இடத்தில் கிடைத்தது தம்பி? எத்தனை அடி ஆழத்தில்? கூட என்னென்ன இருந்தன?” கொல்லையில் நாற்பது குழிகள் எடுத்திருந்தோம். எந்தக் குழி என்பது நினைவில்லை. ஆழம் தெரியாது. மணியோடு வந்த சில்லுகள் எவை, உறவினர் ஊர்ச் சில்லுகள் எவை என்று பிரித்துச் சொல்லவும் இயலவில்லை. “இத்தகைய கண்ணாடி மணிகளை நம் நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். மணி தன் வயதைத் தானே சொல்லாது. அது கிடந்த மண்தான் சொல்ல வேண்டும்” என்று கூறி, மணியை என் கையிலேயே திருப்பி வைத்தார். அவர் குரலில் கடிந்துகொள்ளும் தொனி சிறிதும் இல்லை. எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது.

இன்றும் அந்த மணி என்னிடம் இருக்கிறது. ஆனால் வளவனூர் வரலாற்றில் அதற்கு இடமில்லை. அந்த இடத்தை அழித்தவன் நான்.

கூற்று இழந்த பாட்டு

பொருள் என்ற ஒரே சொல்லால் பண்டத்தையும் அர்த்தத்தையும் குறிப்பது நம் மொழியின் பேறு. பொருளுக்குப் பொருள் தருவது அதன் இடம். பள்ளியில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று நம்மைக் கேட்டதும் இதைத்தான்.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அகப்பாடல் ஒன்றின் கீழே தலைவன் கூற்று, தோழி கூற்று எனக் குறிப்பொன்று இருக்கும். அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுப் பாடலை மட்டும் வைத்துக்கொண்டால் யார் யாரிடம் எப்பொழுது பேசுகிறார் என்பதில் நாம் திகைக்க நேரும். சொற்கள் அப்படியே இருந்தாலும் பாட்டின் ஒரு பாதி போய்விடும். குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர்களே தொலைந்து போயின. ஏட்டில் பெயர் இல்லாத அவர்களுக்கு, அவர்கள் பாடிய தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்பது போல் வழங்குகிறோம். பாட்டு எஞ்சியது, பாடியவரின் ஊரும் பெயரும் எஞ்சவில்லை. தோண்டி எடுத்த இடத்தை இழந்த பழம்பொருளும் இத்தகையதே. கிடைத்த இடமே அதன் கூற்று.

உ.வே. சாமிநாதையர் தம் குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்ட ஆண்டு 1937. அதே 1937இல் நம் ஊரிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க ஓரிடத்தில், சிறுவர் சிலர் பொறுக்கிய கல்லும் மணியும் தமிழக வரலாற்றில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தன.

காக்காயந்தோப்பும் அரிக்கமேடும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் இருப்புப்பாதை போடப்பட்டது. வளவனூர் நிலையத்தில் ஏறினால் சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் கடந்து புதுச்சேரி. அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பு என்னும் சிற்றூரை அடுத்து இருப்பது அரிக்கமேடு. நம் மாவட்டத்தின் வழியே வரும் செஞ்சியாற்றின், அதாவது சங்கராபரணியின், கிளையே அந்த ஆறு. மாமரமும் தென்னையும் நிற்கும் தோப்புதான் அந்த இடம். மழை பெய்து கரை அரிக்கும்போதெல்லாம் மண்ணிலிருந்து மணிகள் வெளிப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டில், வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தீ, இப்பகுதி மக்கள் பழைய பெருஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். வீரராகவன் என்னும் அரசனின் பழைய கோட்டை அது என்று ஊரார் அவரிடம் சொன்னார்கள். செங்கற்கள் எவர் வீட்டுச் சுவரிலோ சேர்ந்தன. ஊரின் நினைவில் ஓர் அரசனும் ஒரு கோட்டையும் மட்டும் எஞ்சியிருந்தன.

1937இல் புதுச்சேரியில் ஆசிரியப்பணி ஆற்றிய பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், அவ்வூர்ச் சிறுவர்களிடம் மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். தரையில் கிடந்தவற்றைத் தாமும் சேகரித்தார். அவற்றுள் ஆண்முகம் செதுக்கிய முத்திரைக்கல் ஒன்று இருந்தது. அது உரோமப் பேரரசன் அகஸ்டசின் முகம் என்பது அவர் கருத்து. கிடைத்த பொருள்களுள் சில கல்கத்தா அருங்காட்சியகத்துக்கும், சில வியத்நாமின் ஹனோய் நகருக்கும் அனுப்பப்பட்டன. ஆற்றங்கரைத் தோப்பில் ஒன்றாகக் கிடந்தவை இவ்வாறு வெவ்வேறு திசைகளுக்குப் பிரிந்தன.

1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுச் சாடித் துண்டு ஒன்றைக் கண்டார். அது மத்தியதரைக் கடற்பகுதியில் மதுவும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட இருகைச் சாடியின் துண்டு. உடனே புதுச்சேரிக்குச் சென்று அங்குச் சேர்த்து வைத்திருந்தவற்றையும் பார்த்தார். 1945இல் அகழாய்வு நடந்தது. இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்யப்பட்ட மெல்லிய சிவப்புக் கலங்களின் உடைசல்கள் அங்கு மண்ணடுக்குகளில் கிடைத்தன.

இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். சிறுவர்கள் விற்ற முத்திரைக்கல் அழகியது, விலை பெற்றது. ஆனால் தென்னிந்திய வரலாற்றுக்குக் காலக்கணக்கு ஒன்றைத் தந்தவை எவரும் காசு கொடுத்து வாங்காத ஓட்டாஞ்சில்லுகளே. இத்தாலியக் கலங்கள் எப்போது செய்யப்பட்டன என்பது முன்பே தெரிந்திருந்தது. அவற்றோடு அதே அடுக்கில் நம் ஊர்ப் பானைகளின் சில்லுகளும் கிடந்தன. ஆகவே நம் பானைகளுக்கும் வயது கிடைத்தது. அரிக்கமேட்டில் வயது தெரிந்த பானை வகை வேறெங்கேனும் கிடைத்தால், அந்த ஊரின் வயதையும் ஒருவாறு கணிக்கலாம். வீலர் அடுத்து 1947இல் கருநாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்தபோது இந்த அளவுகோலைக் கைக்கொண்டே அங்குள்ள பெருங்கற்காலத்துக்குக் காலம் வகுத்தார். ஒரு சில்லின் மதிப்பு அது கிடந்த அடுக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னர்க் கசால் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அங்கு ஆய்வு செய்தனர். உரோமர் வருகைக்கு முன்பே அந்த ஊர் வாழ்ந்திருந்தது என்பது இதனால் விளங்கிற்று. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் குறிக்கும் பொதுகே துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். காக்கைகளின் பெயர் தாங்கிய தோப்பு, உலக வணிகப் படத்தில் இடம்பெற்றது இவ்வாறு.

வாழைக்குழியில் ஒரு கற்கோடரி

தோட்ட வேலையில் பழம்பொருள் கிடைத்தமைக்குத் தமிழகத்தில் புகழ்பெற்ற சான்று 2006இல் நிகழ்ந்தது. மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் பள்ளியாசிரியர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்தில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி எடுத்தார். குழியில் வழவழப்பாகத் தீட்டப்பட்ட கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. காவிரிப் படுகையில் இத்தகைய கல் எளிதில் கிடைப்பதன்று. இது வேறிடத்திலிருந்து மனிதன் கொண்டுவந்த கல் என்ற ஐயம் அவருக்கு எழுந்திருக்க வேண்டும். அவற்றை அவர் எறியவில்லை; விற்கவும் இல்லை. தரங்கம்பாடி அருங்காட்சியகத்தில் பணியாற்றிய நண்பரிடம் கொடுத்தார். அவர் வழியாகக் கோடரிகள் மாநிலத் தொல்லியல் துறையைச் சென்றடைந்தன.

துறையினர் ஆராய்ந்தபோது ஒரு கோடரியில் நான்கு குறிகள் கீறப்பட்டிருப்பது தெரியவந்தது. அவை சிந்துவெளி எழுத்துகளே என்று ஐராவதம் மகாதேவன் அறிவித்தார். அவற்றின் காலத்தைக் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்டதாகக் கணித்தார். செய்தி நாடெங்கும் பரவியது. அறிஞர்களிடையே விவாதமும் எழுந்தது. அவை எழுத்துகள்தாமா, குறிகள் மட்டுமா என்பது ஒரு வினா. அந்தக் கோடரி எந்த மண்ணடுக்குக்கு உரியது என்பது மற்றொரு வினா. தோட்டக்குழியில் தற்செயலாகக் கிடைத்த பொருளுக்கு, முறையான அகழாய்வில் கிடைத்த பொருளுக்குள்ள உறுதி வாய்ப்பதில்லை. தொல்லியல் துறை பின்னர் அவ்வூரில் அகழாய்வு நடத்தியதும் இது பற்றியே.

விவாதம் எப்படி முடிந்தாலும் அந்த ஆசிரியருக்கு ஒரு பெருமை உண்டு. இன்ன ஊர், இன்ன தோட்டம், இன்ன குழி என்று சொல்ல அவரால் முடிந்தது. விவாதிக்கும் வாய்ப்பே அதனால்தான் நமக்குக் கிடைத்தது. என் நீல மணியைப் பற்றி விவாதிக்க எவருக்கும் எதுவும் இல்லை.

வைகைக்கரைக் கீழடியின் கதையும் தோப்பில் தொடங்குவதே. 1970களில் அங்குப் பணியாற்றிய வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம், கிணறு வெட்டும் இடத்தில் பழம்பொருள்கள் வருவதாக மாணவர்கள் சொன்னார்கள். அவர் சென்று பார்த்தார், சேகரித்தார், உரியவர்களுக்குத் தெரிவித்தார். ஆனால் இந்தியத் தொல்லியல் துறை அங்குள்ள தென்னந்தோப்பில் அகழாய்வைத் தொடங்கியது 2015இல்தான். அதன்பின் செங்கற் கட்டுமானங்களும், உறைகிணறுகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானைச் சில்லுகளும் வெளிவந்தன. ஓர் அடுக்கில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கணிப்பைக் கொண்டு மாநிலத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. 2023இல் அங்கு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் காத்திருந்தாலும் தோப்பு கலையாமல் இருந்ததனால் மண் தன் அடுக்குகளைக் காப்பாற்றி வைத்திருந்தது. கரித்துண்டை யாரேனும் வரப்பில் வீசியிருந்தால் அது வெறுங்கரிதானே!

பத்தூர்: மண் சொன்ன சாட்சி

இதற்கு மறுதலையான கதை ஒன்றும் உண்டு. 1976இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலை அடுத்து வாழ்ந்த உழைப்பாளி ஒருவர் தம் குடிசையருகே மண் வெட்டினார். ஆடவல்லான் திருமேனி வெளிப்பட்டது. எக்காலத்திலோ அச்சம் சூழ்ந்த ஒரு நாளில், அன்பர் எவரோ மறைத்துப் புதைத்து வைத்த திருமேனியாக இருக்க வேண்டும். கண்டெடுத்தவர் அதை விற்றுவிட்டார். கைக்குக் கை மாறி அது இலண்டன் போய்ச் சேர்ந்தது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. செப்பனிடுவதற்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது.

பின்னர் நிகழ்ந்தது உலகச் சட்ட வரலாற்றில் பேசப்படும் வழக்கு. இந்தத் திருமேனி பத்தூர் மண்ணிலிருந்துதான் வந்தது என்பதை எப்படி மெய்ப்பிப்பது? சிற்ப அமைதியை அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். உலோகத்தை ஆராய்ந்தார்கள். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், அதன்மேல் கறையான் விட்டுச்சென்ற தடமும்கூட நீதிமன்றத்தில் ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1991இல் ஆடவல்லான் தாயகம் திரும்பினார்.

வழக்கறிஞர்களையும் அறிஞர்களையும் போலவே, கழுவப்படாமல் எஞ்சிய மண்ணும் அங்குச் சாட்சி சொன்னது. நான் கிணற்றடியில் தேய்த்துக் கழுவிய நாலைந்து சில்லுகளை நினைக்கும்போது இந்தச் செய்தி என்னைத் தனியே உறுத்துகிறது.

அந்த உழைப்பாளியைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. குடிசையில் வாழ்ந்தவருக்கு மண் தந்த செல்வத்தை என்ன செய்வது என்று சொல்லித்தர அவர் பக்கத்தில் எவரும் இல்லை. பத்தூரில் ஒருவரும் செம்பியன்கண்டியூரில் ஒருவரும் பிடித்தது ஒரே மண்வெட்டியைத்தான். ஆசிரியருக்கு அருங்காட்சியகத்தில் ஒரு நண்பர் இருந்தார். பத்தூர்க்காரருக்கு அப்படி ஒருவர் இல்லை. வேறுபாடு அவ்வளவே. ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய நண்பராக யார் இருப்பது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அச்சமும் சட்டமும்

நாட்டுப்புறத்தில் புதையல் என்றதும் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. ஒன்று பூதம், புதையலைப் பூதம் காக்கும், தொட்டால் இரத்தம் கக்கிச் சாக நேரும் என்பது பாட்டிமார் சொல்லும் கதை. பெருங்கற்காலக் கல்லறைகளைப் பாண்டவர் குழி என்றழைத்து ஒதுங்கிப் போன வழக்கமும் இவ்வகையினதே. இந்த அச்சம் ஒரு வகையில் நன்மையே செய்தது. பல இடங்கள் தீண்டப்படாமல் தப்பின. மற்றொன்று அரசாங்கம்; சொன்னால் நிலம் போய்விடும், காவல் நிலையத்துக்கு அலைய நேரும் என்பது. இந்த அச்சம்தான் தீங்கு செய்கிறது. பொருள் கிடைத்த அன்றிரவே அது மறைகிறது, அல்லது உருக்கப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் அச்சம் பாதி குறையும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியே தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எந்த இடம், எந்த நாள் என்ற மூன்றையும் அதில் குறிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்குள் புதைத்தவர் எவரும் உரிமை கோரி மெய்ப்பிக்காவிடில் அது உரியவரற்ற புதையலாகும். நிலத்துக்காரரும் கண்டெடுத்தவரும் வேறானால், அவர்களுக்குள் உடன்பாடு எதுவும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு; நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், அப்பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால்தான் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. ஆக, சொல்பவனுக்குச் சட்டம் பகையன்று.

நூற்றாண்டு கடந்த கலைப்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தனியாருக்கு உரிமையில்லை என்கிறது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் ஓட்டாஞ்சில்லைக் காக்கும் ஆற்றல் இல்லை. பத்து ரூபாய் பெறாத அந்தச் சில்லைக் காப்பது நம் கண்ணும் நாம் எழுதிவைக்கும் குறிப்பும் மட்டுமே.

நடுநாட்டு மண்

நாம் வாழ்வது வெறுமண் அன்று. தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், திருவக்கரைப் பக்கம் இரண்டு கோடி ஆண்டுத் தொன்மை வாய்ந்த கல்மரங்கள் கிடக்கின்றன. கீழ்வாலைப் பாறையில் எழுத்துக்கு முந்தைய மனிதன் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. சங்கராபரணிக் கரையின் சுத்துக்கேணியில் கசால் பெருங்கற்கால ஈமக்காட்டை ஆராய்ந்தார். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுப்பித்ததை மகேந்திரவர்மன் கல்லில் வெட்டிவைத்தது மண்டகப்பட்டில். 340 மாணவர்க்கு உணவளித்துக் கல்வி தந்த இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரியைக் கல்வெட்டு பேசுவது எண்ணாயிரத்தில். அதற்கு அருகிலுள்ள எசாலத்தில், கோயில் திருப்பணியின்போது 1987இல் மண்ணுக்குள்ளிருந்து அவன் காலத்துச் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. திருப்பணிக்கு மண் தோண்டியவர் கையில் அவை சிதறாமல் கிடைத்தமையால், ஒரு கோயிலை எடுப்பித்தவர் யார் என்பதையும் நாம் அறிய முடிந்தது.

வளவன் என்பது சோழரைக் குறிக்கும் சொல். வளவனூர் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆயினும் ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதிவிட முடியாது. பெயர் ஒரு தொடக்கம். ஏரிக்கரையிலும் கொல்லையிலும் கிணற்றடியிலும் கிடைப்பவற்றை இடத்தோடு எழுதிவைத்தால்தான் அந்தத் தொடக்கத்துக்குத் தொடர்ச்சி உண்டாகும்.

ஒன்றை அஞ்சியே ஆக வேண்டும். ஏரும் மண்வெட்டியும் ஓரடி, மூன்றடி ஆழமே போயின. இன்று பொக்லைன் இயந்திரம் ஒரு முற்பகலில் ஒரு மேட்டையே வாரிவிடுகிறது. கொல்லைகள் மனைகளாகின்றன, செம்மண் மேடுகள் சாலைக்குப் போகின்றன. மண்வெட்டி மோதினால் ஒலி கேட்கும். பிடித்திருப்பவர் நின்று பார்ப்பார். இயந்திரத்துக்கு அந்த ஒலி கேட்பதில்லை. நம் தலைமுறையில் எழுதிவைக்காததை அடுத்த தலைமுறை தேடிக் காண இயலாமற் போகலாம்.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டுகளாக நாம் கூடிக் கவிதை படித்தோம், பாராட்டினோம், சண்டையும் இட்டோம். பதினோராம் ஆண்டில் ஒரு சிறு பணியையும் மேற்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். நீண்ட தாள்கொண்ட குறிப்பேடு ஒன்று போதும். அதில் தோட்டத்தில் கிடைத்த பொருள், கிடைத்த நாள், கொல்லையின் சர்வே எண், கிணற்றிலிருந்தோ வரப்பிலிருந்தோ எத்தனை தப்படி, எத்தனை அடி ஆழம், மண்ணின் நிறம், உடன் கிடைத்தவை ஆகியவற்றை எழுத வேண்டும். பொருளை எடுக்குமுன் அளவுகோலை அருகில் வைத்து ஒரு படம் பிடிக்க வேண்டும். கைப்பேசி இல்லாத வீடு இன்று ஏது? கழுவக் கூடாது. பல இடத்துப் பொருள்களை ஒரே டப்பாவில் போடக் கூடாது. மேலும் தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்; அது பயிற்சி பெற்றவர் வேலை. தாழியோ, திருமேனியோ, காசுக்குவியலோ தென்பட்டால் பணியை நிறுத்தி வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. ஊர்ச் சொற்களின் நுட்பம் அறிந்தவர்கள் வேண்டும். கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை வேண்டும். ஒரு சொல் பாட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்காக இரவெல்லாம் விழித்திருக்கும் நம் கவிஞர்களைவிட இப்பணிக்குத் தகுதியுடையவர் யார்? பொருள் நம் வீட்டில் இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. குறிப்பு மட்டும் ஊரில் இருந்தால் போதும். பத்தூர்க்காரருக்கு வாய்க்காத நண்பராக நாம் இருக்கலாம்.

அந்தக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தை நானே நிரப்ப விரும்புகிறேன். ‘நீலக் கண்ணாடி மணி ஒன்று. மிளகளவு. துளை உண்டு. வளவனூர்க் கொல்லை. எந்தக் குழி என்பது தெரியாது. ஆழம் தெரியாது. உடன் கிடைத்தவை கலந்துவிட்டன.’ இவ்வளவே அதில் எழுத முடியும். வெறுமையாக நிற்கும் அந்த இடங்களைப் பார்த்த பிறகாவது, இரண்டாம் பக்கத்தை எழுதுகிறவர் அவற்றை நிரப்பி எழுதட்டும்.